வலிக்காமல் ஊசி போட்டவர்

அம்மா இறந்து நான்கு மாதம் கழித்து, திண்டிவனத்தில் ஒரு நர்சிங் ஹோமில் என்னை ஆயா வேலைக்குச் சேர்த்துவிட்டார் அப்பா. அது எண்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி மழைக்காலம். எனக்குப் பதினேழு வயது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வீட்டில் விட்டுவைத்தால் அம்மாவின் புடவைகளை எடுத்துப் பிரிப்பதும் மடிப்பதுமாகவே இருக்கிறேன் என்று அப்பாவுக்குப் பயம். அவர் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மண்டிக்காரர் சொல்லித்தான் டாக்டர் என்னை எடுத்துக்கொண்டார்.

நர்சிங் ஹோம் என்றதும் பெரியதாக நினைத்துவிட வேண்டாம். ஒன்பது கட்டில், ஒரு டாக்டர், துடைக்கவும் கழுவவும் நான். இருபது வருஷமாக அங்கே ஊசி போட்டுக்கொண்டிருந்த கம்பவுண்டருக்குக் கை நடுக்கம் வந்து, மகன் வீட்டுக்குப் போய்விட்டார். டாக்டரே சீட்டும் எழுதி ஊசியும் போட்டு அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் சிஸ்டர் வந்தார். நான் சேர்ந்த அதே வாரம்.

அவருக்கு நெல்லூர் பக்கம். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் நர்ஸ் படிப்பு முடித்தவர். அவருடைய அண்ணன் விழுப்புரத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தார். இந்தப் பக்கம் வந்தால் வேலை கிடைக்கும் என்று அவர் கடிதம் போட, சிஸ்டர் ஒரு பெட்டியோடு விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வந்து இறங்கியிருந்தார். விழுப்புரத்தில் அவர் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். உன் பதிவு ஆந்திராவில் இருக்கிறது, இந்த ஸ்டேட்டில் பதிவு செய்துகொண்டு வா. சரி என்று அதற்கான விண்ணப்பப் பாரத்தை வாங்கினால், அதில் இங்கே வேலை கொடுத்திருக்கும் டாக்டர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வேலை இருந்தால்தான் பதிவு, பதிவு இருந்தால்தான் வேலை. அப்படி அலைந்து அலைந்து திண்டிவனம் வரைக்கும் வந்துவிட்டார்.

எங்கள் டாக்டர் பாரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பொங்கல் வரைக்கும் வேல செய்யி. பாக்கறேன். அப்புறம் கையெழுத்து."

சிஸ்டரின் அண்ணனும் அதே பொங்கலைத்தான் சொல்லியிருந்தாராம். ஒரே அறையில் அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், வயிற்றில் ஒன்று. பொங்கலுக்குள் வேலை நிலைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். ஊரில் அவருக்கென்று வீடு இல்லை. அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். இதை அவர் என்னிடம் முதல் நாளே சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

முதல் நாள் அவர் கேட்டது ஊசிகளை. அப்போதெல்லாம் ஒரு ஊசியைக் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து மாதக்கணக்கில் போடுவார்கள். கண்ணாடி சிரிஞ்சு, இரும்பு ஊசி. நான் தட்டோடு கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒரு பஞ்சை எடுத்து, ஒவ்வொரு ஊசியின் முனையையும் அதில் வைத்து மெதுவாக இழுத்தார். எல்லா ஊசியும் பஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

"முனை மடங்கி கொக்கி மாதிரி இருக்கு. எல்லாத்திலயும். இதை யார் பாக்கறது?"

"யாரும் பாக்கறதில்ல சிஸ்டர். கொதிக்க வெச்சி எடுத்துக் குடுப்போம், அவ்ளோதான்."

அவர் பேசும் தமிழில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நிற்கும். கூடப் படித்த தமிழ்ப் பெண்களிடம் கற்றுக்கொண்டதாம். "மனுஷ உடம்பில கொக்கி போகும், வரும்போது சதையைப் பிடிச்சிக்கிட்டு வரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சொல்வது போலச் சொன்னார்.

மறுநாள் டிபன் பையில் ஒரு சின்னத் தட்டைக் கல் கொண்டுவந்தார். அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஊசியைச் சாய்த்துப் பிடித்து, முன்னும் பின்னும் தேய்த்தார். திருப்பிப் போட்டுத் தேய்த்தார். பஞ்சில் இழுத்துப் பார்த்தார். பிடித்தால் மறுபடியும் கல். பஞ்சில் வைத்து இழுத்தால் ஒரு நூல்கூட அசையக் கூடாது, அப்போதுதான் அது தட்டுக்குப் போகும். எட்டு ஊசிக்கு ஒரு மணி நேரம் ஆனது.

அன்று முதலில் வந்தவர் மயிலம் ரோட்டுப் பெரியவர் ஒருவர். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் போனது.

"போடும்மா. எவ்ளோ நேரம் நிக்கிறது."

"போட்டாச்சி தாத்தா. பஞ்சைப் பிடிச்சிக்கோங்க."

பெரியவர் திரும்பி சிஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வேட்டியைக் கட்டிக்கொண்டே, "இன்னாத்த போட்டாங்க" என்று முனகிக்கொண்டு போனார்.

நான் பின்பக்கம் குழாயடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. அந்த சிஸ்டர் மேல் ஆத்திரம் வந்தது. நீ ஏன் போன வருஷம் வரவில்லை என்று.

என் அம்மாவுக்கு டி.பி. தொண்ணூறு ஊசி, தினம் ஒன்று, ஒரு நாள் விடாமல் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்து ஊருக்கு சைக்கிளில் வந்து போகும் ஒருவர்தான் போடுவார். நான்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். முப்பது ஊசிக்கு மேல் அம்மாவால் உட்கார முடியவில்லை. இரண்டு பக்கமும் கட்டி கட்டியாகக் கல் மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி குப்புறப் படுப்பாள். நாற்பத்து மூன்றாவது ஊசி அன்று பாதி வழியில் நின்று, "இருமல் நின்னுடுச்சிடி. ஒடம்பும் தேவல. இன்னிமே எனக்கு இது வாணாம்" என்றாள். எனக்கும் அவளை இழுத்துக்கொண்டு போவது பாவமாக இருந்தது. சரி என்றேன். மறுநாளிலிருந்து நாங்கள் இருவரும் அப்பாவுக்குத் தெரியாமல் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஊசி போட்டுக்கொண்ட மாதிரி திரும்பி வந்துவிடுவோம். அம்மா மல்லாட்டை உரித்துத் தருவாள். அந்த நாட்களில் நாங்கள் நன்றாகச் சிரித்துப் பேசினோம். அதுதான் இன்னமும் எனக்குத் தாங்கவில்லை. தை மாதம் மறுபடி இருமல், மாசியில் ரத்தம். ஆனியில் போய்விட்டாள். அப்பாவிடம் இதுவரை நான் சொல்லவில்லை.

சிஸ்டர் வந்த இரண்டாவது வாரமே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வலிக்கிறது என்றில்லை. வலிக்கவில்லை என்று.

எங்கள் ஜனங்களுக்கு ஊசி என்றால் சுருக்கென்று இறங்க வேண்டும். இரண்டு நாள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்க வேண்டும். மருந்து உள்ளே போனதற்கு அதுதான் அடையாளம். அந்தக் கம்பவுண்டர் கையால் போட்டால் ஆள் ஒரு அடி முன்னால் தள்ளிப் போவார். அதை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பெருமையாகப் பேசுவார்கள்.

"அவரு போட்டாருன்னா மூணு நாளைக்கிக் கால தூக்கி வெக்க முடியாது. ஜொரம் அங்கியே ஓடிப்புடும்."

"இந்தம்மா போடறது எறும்பு கடிச்சாப்புலகூட இல்லியே. தண்ணிய கிண்ணிய போடுதா இன்னான்னு தெரியல."

"வெளியூரு பொண்ணு. கைக்குப் பழக்கம் இல்ல போல."

"பயந்துகினு போடுது. ஊசி முழுசா எறங்கல."

இதெல்லாம் நேராக டாக்டர் காதுக்குப் போனது. ஒரு மளிகைக் கடைக்காரர் தன் சம்சாரத்தை அழைத்துக்கொண்டு எதிர்த் தெரு டாக்டரிடம் போய்விட்டார். அன்று மத்தியானம் டாக்டர் சிஸ்டரைக் கூப்பிட்டார். நான் அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா சிஸ்டர், பேஷண்ட் எல்லாம் கம்ப்ளெயிண்ட் பண்றாங்க. ஊசி போட்டாப்புலயே தெரியலங்கறாங்க."

"தெரியக் கூடாது டாக்டர்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். அவங்களுக்கு வலிக்கலன்னா மருந்துல வெய்ட் இல்லங்கறாங்க. நான் இன்னா பண்றது, ஆள் ஆளா அந்தாண்ட போறாங்க. இப்பிடியே போனா பேஜாரு. பொங்கலுக்கு உன்ன அனுப்ப வேண்டியதுதான்."

சிஸ்டர் சரி டாக்டர் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். மருந்துக் குப்பியை அவரவர் கண்முன்னாலேயே உடைத்து, சிரிஞ்சில் ஏற்றி, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். போட்டு முடித்ததும் காலிக் குப்பியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். எங்கள் டாக்டர் பாதிப் பேருக்குச் சத்து ஊசி எழுதுவார். அந்த மருந்து மஞ்சளாக இருக்கும். அவர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "நாளைக்குக் காலையில ஒண்ணுக்குப் போகும்போது பாருங்க. மஞ்சத் தண்ணி மாதிரி போகும். போகலைன்னா வந்து என்னைக் கேளுங்க" என்பார்.

மயிலம் ரோட்டுப் பெரியவர் மறுநாள் காலையில் டாக்டர் ஊசி எழுதாமலே வந்து நின்றார்.

"போச்சி நர்ஸம்மா. சொன்ன மாதிரியே போச்சி. எம்மருமவளக்கூடக் கூப்ட்டுக் காட்டலாம்னு பாத்தன்."

"வேண்டாம் தாத்தா."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். செஞ்சிப் பக்கத்து ஜைனர்களில் ஒரு நயினார் வீட்டு அம்மா மட்டும் சிரிக்காமல், குப்பியை வாங்கி அதிலிருந்த எழுத்தைப் பார்த்து, "இதுல ஜீவன் எதுனா கலந்துதா?" என்று கேட்டார். சிஸ்டர் ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டி, இல்லை என்றார். இன்னொரு குப்பியை எடுத்து, "இதுல ஈரல் சாறு இருக்கு. யாராவது எழுதினா உங்களுக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார். அந்த அம்மா பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும் என்ற அவசரத்திலும் நின்று அதைக் கேட்டுக்கொண்டு போனார்.

ஆனால் மஞ்சளாகப் போவது சத்து ஊசிக்கு மட்டும்தான். ஜுர ஊசிக்கும் வயிற்று வலி ஊசிக்கும் என்ன அடையாளம் காட்டுவது? முணுமுணுப்பு நிற்கவில்லை. மார்கழி பிறந்தது. டாக்டர் இன்னொரு தடவை, "வேற ஆளு பாக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். பாரம் இன்னும் சிஸ்டர் கைப்பைக்குள்ளேயே, பிளாஸ்டிக் உறையில் மடித்துக் கிடந்தது.

நான் அவரிடம் கெஞ்சினேன். "சும்மா ஒரு அடி அடிச்சிட்டுப் போடுங்க சிஸ்டர். இல்ல ரெண்டு ஊசிய தீட்டாம வுட்டுருங்க. பேசறவங்களுக்கு மட்டும் அத்தால போடுங்க." அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கல்லில் எண்ணெய் விட்டார்.

அடுத்து நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். மறுநாள் காலையில் அவர் தீட்டி வைத்துவிட்டுப் போன ஆறு ஊசிகளையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். துணி துவைக்கும் கல்லில் ஒவ்வொரு முனையையும் வைத்து ஒரு இழு இழுத்தேன். கொதிக்கவைத்துத் தட்டில் அடுக்கினேன். எனக்கு அவர் போய்விடக் கூடாது. அதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

முதல் ஆள் அதே பெரியவர். "ஸ்ஸ்... அம்மாடி" என்று கட்டிலைப் பிடித்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்துபோய், "இன்னிக்குத்தான் போட்டிருக்க நர்ஸம்மா. இது ஊசி" என்று இடுப்பைத் தேய்த்துக்கொண்டு நேராக டாக்டரிடம் சொல்லப் போனார். சிஸ்டர் அந்த ஒரு ஊசிதான் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார். அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுத்தார்.

அடுத்து வந்தது ஒரு மெலிந்த அக்கா. டி.பி.க்கு ஊசி போட்டுக்கொள்ளத் திண்டிவனத்தில் தாய் வீட்டுக்கு வந்திருந்தவள். புருஷன் முண்டியம்பாக்கத்தில் கரும்பு வண்டி ஓட்டுகிறவர். அதற்கு முன்னால் வேறு இடத்தில் இரண்டு தடவை ஆரம்பித்துப் பாதியில் விட்டவள். எங்களிடம் முப்பத்தொரு நாள் ஒழுங்காக வந்திருந்தாள். முப்பத்திரண்டாவது அன்று. ஊசி தோலில் நின்று, பிறகு பிய்த்துக்கொண்டு இறங்கியது. அவள் கத்தவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தாள்.

என் அம்மாவும் அப்படித்தான் கடிப்பாள். அதை மறந்தே போயிருந்தேன். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

சிஸ்டர் ஊசியை வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். தட்டிலிருந்த மற்ற நான்கையும் பஞ்சில் இழுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயா?"

தலையை ஆட்டினேன்.

"ஏன்?"

"உங்கள அனுப்பிடுவாங்க சிஸ்டர்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "என் வேலைக்கு அவங்க உடம்பா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். பெஞ்சில் காத்திருந்தவர்களை ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னார். என்னைத் தரையில் உட்காரவைத்து, கல்லை என் கையில் கொடுத்து, ஆறையும் என்னையே தீட்டவைத்தார். என் கட்டைவிரல் இரண்டு இடத்தில் கிழிந்தது. அவர் பஞ்சில் நூல் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மறுநாள் அந்த அக்கா வரவில்லை. அவள் அம்மா வந்து, "புருஷன் ஊட்டுக்குப் போயிட்டா. இன்னிமே ஊசியே வாணாங்கறா. நான் இன்னா பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் சிஸ்டர் கொதிக்கவைத்த சிரிஞ்சையும் இரண்டு ஊசியையும் ஸ்டீல் டப்பாவில் வைத்து மூடினார். "நீயும் வா" என்றார். நான் டாக்டர் வீட்டம்மாவிடம் தலைவலி, வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, அவர் வழக்கமாகப் போகும் விழுப்புரம் பாசஞ்சரில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். ஏரிக்கரையையும் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாததை வெளியூரிலிருந்து வந்த ஒருவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் என்னை அணைக்கவோ, அழாதே என்று சொல்லவோ இல்லை.

"எத்தனையாவது ஊசி?" என்று கேட்டார்.

"நாப்பத்தி மூணு."

விக்கிரவாண்டி தாண்டும் வரை அவர் டப்பாவை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க அம்மாவுக்கும் முனை மடங்கின ஊசிதான் வெச்சாங்க. அதனாலதான் நான் இதைப் படிச்சேன்" என்றார்.

முண்டியம்பாக்கத்தில் இறங்கினால் ரோடு நெடுக கரும்பு வண்டிகள் ஆலைக்குள் போக வரிசையில் நின்றன. வண்டிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். அந்த அக்கா வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாணாம் நர்ஸம்மா. இருமலே இல்ல. ஒடம்பு தேவல."

அதே சொல். நான் தரையைப் பார்த்தேன்.

"நேத்து வலிச்சது என் தப்பு. இன்னிக்கு வலிச்சா நாளைக்கு நான் வரமாட்டேன். மருந்து இருக்கா?"

"பொட்டியில கீது. ஆனா..."

"எடுத்துக்கிட்டு வா."

அவள் உள்ளே போய் மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்தாள். சிஸ்டர் பவுடர் குப்பியில் தண்ணீர் சேர்த்து, உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கரைத்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். அதற்குள் முடிந்துவிட்டது. வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன், "ஏ புள்ள, போட்டுட்டாங்க. செவுத்த வுடு" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து சிஸ்டர் தினமும் முண்டியம்பாக்கத்தில் இறங்கினார். ஊசி போட்டுவிட்டு, பஸ் பிடித்து விழுப்புரம் போவார். வீட்டுக்கு ஏன் லேட்டாக வருகிறாய் என்று அண்ணி பேசுகிறார் என்று ஒரு நாள் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து அதற்கென்றே வருவார். ஒரு பைசா வாங்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஆச்சரியமாக இருக்கும். இன்னொருத்தி செய்த தப்பைத் தன் தப்பு என்று சொல்லிவிட்டு, அதற்கு இத்தனை நாள் ரயில் ஏறி இறங்குகிற ஒரு ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தது. அந்த வண்டிக்காரர் ஐந்தாறு கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நர்சிங் ஹோமுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"நர்ஸம்மா எங்க? கரும்பு கொணாந்தேன். டெய்லி எங்க ஊட்டுக்கு வந்து ஊசி போடறாங்களே, ஒண்ணுமே வாங்க மாட்டேங்கறாங்க."

டாக்டர் அறையிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னாது? முண்டியம்பாக்கம் போய்க்கினு ஊசி போடறியா? எங்கிட்ட வர்ற பேஷண்ட்டுக்கு எனக்குத் தெரியாம வீட்ல போயா?"

"ஆமா டாக்டர். அவங்க நின்னுட்டாங்க. ஒரு நாள் என் ஊசி சரியில்ல. பாக்கி ஊசி போட வேண்டியது என் பொறுப்பு."

"உன் ஊசியா? உன் ஊசி வலிக்கலன்னுதானே ஊரே பேசுது?"

"அன்னிக்கு வலிச்சது."

சிஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. கையில் தரை துடைக்கும் துணி. அதைப் பிழிந்துகொண்டே சொன்னேன்.

"நான்தான் டாக்டர் முனைய ஒடைச்சேன். கல்லுல தேச்சேன். ஆறையும்."

"நீயா? இன்னாத்துக்கு?"

"வலிக்கலன்னா சிஸ்டர அனுப்பிடுவீங்கன்னு."

"யார் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க."

வண்டிக்காரர் எதுவும் புரியாமல் கரும்பை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். டாக்டர் அவரைக் கேட்டார்.

"உன் சம்சாரம் எப்பிடிக்கீது இப்ப?"

"நல்லாக்கீது சார். களி ரெண்டு உருண்ட துன்னுது. என்ன திட்டறதுக்கும் தெம்பு வந்துடிச்சி."

"எத்தினி ஊசி ஆச்சி?"

வண்டிக்காரர் சிஸ்டரைப் பார்த்தார். "அம்பத்தி ரெண்டு" என்றார் சிஸ்டர்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "எங்கிட்ட டி.பி. ஊசி ஆரம்பிச்சவன்ல முழுசா போட்டுக்கினவன் கம்மி. பாதியில ஓடிடுவான். சரி, ஜனங்க புத்தி அவ்ளோதான்னு நான் வுட்டுட்டேன்" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு உள்ளே திரும்பிக்கொண்டே, "அந்தப் பாரத்த எடுத்துக்கினு வா" என்றார்.

சிஸ்டர் கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து பாரத்தை எடுத்துப் பிரித்து நீட்டினார். டாக்டர் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.

"வலிக்கலன்னு இன்னிமே எவனாவது சொன்னா எங்கிட்ட அனுப்பு. நான் பேசிக்கறேன். ஏ பொண்ணு, நீ இன்னிமே ஊசி பக்கமே போவக் கூடாது."

"அவதான் டாக்டர் இப்ப தீட்டறா. எனக்கு மேல தீட்டுவா."

டாக்டர் என்னை முறைத்தார். "முதல்ல அந்தக் கரும்ப வழியிலேருந்து எடுக்கச் சொல்லு. ஆஸ்பத்திரியா இது, சந்தையா?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வண்டிக்காரர் பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் கரும்பை ஒடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சிஸ்டரால் நகர முடியவில்லை. அன்று கூட்டம் அப்படி. பாரத்தை உறையில் போட்டு ஒட்டி, மெட்ராஸ் விலாசம் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு வா என்று என்னிடம் கொடுத்தார். ஜல்தி போ, சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்கள் என்றார்.

நான் ஓடவில்லை. மெதுவாகத்தான் நடந்தேன். பாதி வழியில்தான் எனக்கு அது உறைத்தது. இந்தக் காகிதம் மெட்ராஸ் போய்த் திரும்பி வந்தால், சிஸ்டர் இந்த ஸ்டேட்டில் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். விழுப்புரத்தில் பார்க்கலாம், அண்ணன் வீட்டுப் பக்கத்திலேயே. கவர்மெண்ட் வேலைக்கு எழுதிப் போடலாம். ஒன்பது கட்டில் வைத்திருக்கும் எங்கள் டாக்டரிடம் அவர் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அவர் இங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காக நான் ஆறு ஊசியைக் கெடுத்தேன். அவரைப் போகவிடும் காகிதத்தை இப்போது நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.

தபாலாபீஸ் ஜன்னலில் வரிசை. பொங்கல் வாழ்த்து அனுப்புகிறவர்கள் கூட்டம். என் முறை வந்தது. உறையை நீட்டினேன். உள்ளே இருந்தவர் அதைப் பிடித்தார். நான் விடவில்லை.

"இன்னாம்மா, குடுக்கறியா இல்லியா? பின்னால ஆளு நிக்கிது பாரு."

"குடுக்கறேன் சார். ஜாக்ரதயா அனுப்புங்க. எங்க சிஸ்டருது" என்றேன். கையை எடுத்தேன்.

அவர் எடை போட்டு, தபால்தலை ஒட்டி, முத்திரையை ஓங்கி அடித்தார். ரசீதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். மத்தியானத்துக்கு இன்னும் நான்கு ஊசி தீட்ட வேண்டியிருந்தது.